டிவிஆர் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது?

2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரைத் துளைத்து உள்ளே போனவன், முகமூடி மாட்டிக்கொண்டு போனான். கையில் ஸ்பிரே பெயின்ட் வைத்திருந்தான். கேமரா கண்ணாடிகளில் அதை அடித்துவிட்டு, 15 கிலோவுக்கு மேல் தங்கத்தை வாரிக்கொண்டு போனான். ஒரு வாரத்துக்குள் ஆள் பிடிபட்டான். ஒடுக்கத்தூர் பக்கம் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்த நகையைப் போலீஸ் தோண்டி எடுத்தது. அந்த மாதம் முழுக்க ஊரில் எந்த டீக்கடையில் நின்றாலும் இதே பேச்சுதான். கேமரா இருந்தும் திருட்டு நடந்திருக்கிறது. ஆனாலும் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர், சரி, நம்ம தெருவிலும் நாலு கேமரா மாட்டிவிட வேண்டும் என்றுதான் முடித்தார்கள்.

அப்படித்தான் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கும் கேமரா வந்தது. வாசலில் நிறுத்தியிருந்த ஒரு பைக் காணாமல் போனது உடனடிக் காரணம். வீட்டுக்கு இவ்வளவு என்று குடியிருப்போர் சங்கத்தில் வசூல் செய்தோம். எட்டு கேமரா, அவற்றின் காட்சியைப் பதிந்துவைக்கும் டிவிஆர் பெட்டி ஒன்று, அதற்குள் 2 டிபி ஹார்டு டிஸ்க். எந்தக் கம்பத்தில் எந்தக் கேமரா, எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் இரண்டு கூட்டம் முழுக்கச் சண்டை. என் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று ஒருவர், என் வீட்டு மாடிக்குள் பார்க்கிறது என்று ஒருவர். பெட்டி யார் வீட்டில் இருக்கும், யார் அதைத் திறந்து பார்க்கலாம், எத்தனை நாள் பதிவு இருக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செயலாளர் பெல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதனால் பெட்டி அவர் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

மாட்ட வந்த தம்பி வேலையில் கெட்டிக்காரர். ஏணியில் ஏறி வயரை இழுத்துக் கிளிப் அடித்து மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். கடைசியில் கடவுச்சொல் கேட்டது பெட்டி. அவர் யாரையும் கேட்காமல் தட்டினார். என்ன போட்டீர்கள் என்றேன். "எல்லா சைட்டுக்கும் ஒண்ணேதான் சார் வைக்கிறது. மறந்துட்டா நீங்கதானே போன் பண்ணுவீங்க" என்றார். அப்புறம் போனில் ஆப் இறக்கி, பெட்டியில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தார், அவருடைய போனில். அவர் கணக்கில் பெட்டி பதிவாகி, அங்கிருந்து செயலாளருக்கும் எனக்கும் பார்க்கும் அனுமதி வந்தது. அதாவது எங்கள் காசில் வாங்கிய பெட்டிக்கு உரிமையாளர் அவர், நாங்கள் விருந்தாளிகள். அவர் போனைத் திறந்து பட்டியலைக் காட்டினார், பெருமையாகத்தான். ஒரு பாத்திரக்கடை, ஒரு லாட்ஜ் வரவேற்பறை, காந்தி நகரில் யாரோ ஒருவர் வீட்டு முன்வாசல், ஒரு டியூஷன் சென்டர். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

தம்பியைக் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. அன்றைக்கே கணக்கை மாற்றி, கடவுச்சொல்லையும் மாற்றினோம்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேமரா என்றாலே எல்லாம் நிரந்தரமாகப் பதிவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணத் தரத்தில் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால், ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் ஆகும். எட்டு கேமராவுக்கு 170 ஜிபி. 2 டிபி டிஸ்க் பதினொரு, பன்னிரண்டு நாளில் நிரம்பிப் பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். காலையில் பார்த்தால் ராத்திரி முழுக்கப் பதிவானது வெள்ளை வெளேரென்று ஆடும் ஒரு நூலாம்படை. வண்டி நம்பர் பிளேட்டில் விளக்கு வெளிச்சம் பட்டால் வெறும் வெள்ளைப் பலகை. பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்கு ஆளின் வழுக்கை தெரியும், முகம் தெரியாது. காணாமல் போன பைக்குக்குப் பிறகு இன்னொரு பைக்கும் போனது. கான்ஸ்டபிள் ஒருவர் பென்டிரைவ் கொண்டுவந்து பதிவை எடுத்துப் போனார். பெட்டியின் கடிகாரம் கிட்டத்தட்ட அரைமணி நேரம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, இப்படி ஒரு பதிவு கோர்ட்டில் நிற்க வேண்டுமென்றால் எந்தக் கருவியில், எப்படி எடுத்தது என்று சான்றிதழ் வேண்டும், பதிவில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு வேண்டும். எங்கள் செயலாளரிடம் இருந்தது ஒரு ரிமோட்.

இனிமேல் நான் சொல்லப் போவது வேறு மாதிரியான சம்பவம். கேமரா வந்து கொஞ்ச நாளில், பின் தெருவிலிருந்து ஒருவர் செயலாளர் வீட்டுக்கு வந்தார். செயலாளர் என்னையும் பொருளாளரையும் போனில் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் உட்காரவில்லை.

"நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு எங்க வீட்டு வாசல்ல ஒரு பைக் வந்து நின்னுச்சாம். இன்னா பைக், யார் ஓட்டினு வந்தான்னு பாக்கணும் சார்."

"என்னங்க, ஏதாவது திருட்டா?"

"திருட்டு இல்ல. பொண்ணு இறங்கி உள்ள வந்திருக்கா. ஆட்டோல வந்தேன்னு சொல்றா."

செயலாளர் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தெரிந்த மனிதர், வசூலுக்கு முதலில் பணம் கொடுத்தவர், அவர் பெண், அவர் வாசல். என்னாலும் சட்டென்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் பொருளாளர் அம்மா தலைமையாசிரியையாக இருந்தவர். அவர்தான் பேசினார்.

"இது பைக் திருடனைப் பிடிக்க மாட்டினது சார். உங்க பொண்ணைப் பிடிக்க இல்ல. அந்தப் பொண்ணு வந்து கேட்டா போட்டுக் காட்டுறோம்."

அவர் போய்விட்டார். அந்த வருஷம் பொங்கல் விழாவுக்கு அவர் வீட்டிலிருந்து பணம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு நீளமான நோட்டு வாங்கினோம். யார் எந்தத் தேதிப் பதிவைக் கேட்டார்கள், என்ன காரணம், யார் காட்டினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போலீஸ் கேட்டாலும் ஒரு கடிதம், அல்லது நோட்டில் ஒரு கையெழுத்து. கான்ஸ்டபிள்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் போட்டார்கள். நோட்டு வந்த பிறகு பதிவு பார்க்க வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள்.

தனியுரிமை என்றவுடன் நமக்கு டெல்லியும் பெரிய கம்பெனிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. வேலூரில் ஒரு பெண்ணைப் பொறுத்தவரை கேமராவின் பயம் அவ்வளவு தூரத்தில் இல்லை. டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிறது.

இந்த ஊருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் நடந்தால் காதில் தமிழைவிட வங்காளியும் இந்தியும் அதிகம் விழும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, லாட்ஜில் அறை எடுத்து, வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வைத்தியம் பார்க்கிறார்கள். பலர் சொந்த ஊரில் சொல்லாமல் வந்தவர்கள். குழந்தை இல்லாததற்கு வந்திருப்பார்கள், மனநல வைத்தியத்துக்கு வந்திருப்பார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்வரை வெளியே தெரியக்கூடாத நோய்க்கு வந்திருப்பார்கள். லாட்ஜ் வரவேற்பறையில் ஆதார் நகல் ஒன்று, வெளிநாட்டவர் என்றால் விவரப் படிவம் ஒன்று, தலைக்கு மேல் கேமரா ஒன்று. யார் எத்தனை மணிக்கு எந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போய் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பது ஒரு பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டி யார் யார் போனிலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறதோ.

இது வெறும் கற்பனைப் பயமில்லை. 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் விற்பனைக்கு வந்தன. பெண்களுக்கு ஊசி போடும் இடத்தில் இருந்த கேமரா அது. கேமராவை உடைத்து நுழைய பெரிய ஹேக்கர் தேவைப்படவில்லை. கருவி வரும்போதே இருக்கும் 'அட்மின்' வகைக் கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்ததே வழி என்று செய்திகள் வந்தன. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருத் தம்பியின் "எல்லா சைட்டுக்கும் ஒண்ணேதான் சார்" காதில் கேட்டது.

சரி, பாதுகாப்பின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் காலை நேரத்தில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருக் கட்டடங்களில் இருந்த கேமராக்களில்தான் சந்தேக நபரின் உருவத்தைத் தேட வேண்டியிருந்தது. சென்னையில் பிற்பாடு 'மூன்றாவது கண்' என்று தெருவெங்கும் கேமரா வந்ததற்கு அந்தக் காலையின் பயமும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

நம் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2025 பிப்ரவரி 6 அன்று கோவையிலிருந்து திருப்பதி போகும் இன்டர்சிட்டியில் பெண்கள் பெட்டியில் வந்த ஒரு கர்ப்பிணியை, ஜோலார்பேட்டையில் பெட்டிக்குள் ஏறிய ஒருவன் தாக்க முயன்று, கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். அவர் உயிர் தப்பினார், வயிற்றிலிருந்த குழந்தை தப்பவில்லை. அவன் பழைய வழக்குகள் உள்ள ஆள். அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அதே ஜூலையில் ரயில்வே, 74,000 பெட்டிகளிலும் 15,000 இன்ஜின்களிலும் கேமரா பொருத்தப்போவதாக அறிவித்தது. பெட்டிக்கு நான்கு, வாசல் பக்கம் மட்டும். எனக்கு அதில் ஆட்சேபனை இல்லை. வாசல் என்பது பொது இடம், அங்கே ஏறுகிறவன் முகம் பதிவாகட்டும். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பெட்டியில் இல்லாமல் போனது கேமரா மட்டும்தானா? கூட இன்னொரு பயணி இல்லை. ஒரு பெண் காவலர் இல்லை. ஆண் ஏறினால் இறக்கிவிட ஆள் இல்லை. கேமரா இருந்திருந்தால் அவனைச் சீக்கிரம் பிடித்திருக்கலாம். அந்தப் பெண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு கை வேண்டியிருந்தது.

ஆராய்ச்சிகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஒரு மதிப்பாய்வு, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டது. வண்டி நிறுத்துமிடங்களில் பலன் அதிகம். அடிதடி, வன்முறையில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. யாராவது உட்கார்ந்து நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பலன் கூடுகிறது. பைக் நிறுத்தும் தெருவில் கேமரா மாட்டியது சரிதான் என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய கேமரா. ஏதோ ஒன்று நடந்த பிறகு, அந்த நேரத்துக்குப் போய், அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று பார்ப்பது. முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் இதன் அடுத்த மாடல் என்றுதான் கடைக்காரர்கள் விற்கிறார்கள். என் பார்வையில் அது வேறு சாமான். எதுவும் நடப்பதற்கு முன்பே, போகிற வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, நீ யார் என்று ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. காட்பாடி ஜங்ஷன் படிக்கட்டில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டு இறங்குகிற ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்டால் அன்றைக்கே ஊர் கூடிவிடும். அதையே கேமரா செய்தால், ஒருவருக்கும் தெரியாது என்பதால் ஒருவரும் கேட்பதில்லை.

தமிழ்நாடு காவல்துறையிடம் 2021-லிருந்து இந்த மென்பொருள் இருக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் கொல்கத்தா மையம் செய்து கொடுத்தது. ரோந்து போகும் போலீஸ்காரர் சந்தேகப்படும் ஒருவரை போனில் படம் எடுத்தால், குற்றவாளிகள், காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத சடலங்கள் ஆகிய பட்டியல்களோடு ஒப்பிட்டுச் சொல்லும். 2024 மே மாதம் இந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாள் நுழைந்துவிட்டது தெரியவந்தது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் கைமாறியதே காரணம் என்று முதல்கட்ட விசாரணையில் சொன்னார்கள். எங்கள் தெருப் பெட்டிக்கும் மாநிலப் பெட்டிக்கும் பூட்டு ஒரே கடையில் வாங்கியது போலிருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். டிவிஆர் கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது.

தவறாகக் காட்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஜங்ஷனில் நாளைக்கு ஒரு லட்சம் முகங்கள் கடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் ஆயிரத்தில் ஒரு முறைதான் தவறாகக் கை காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம், அதாவது 99.9 விழுக்காடு சரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தினமும் நூறு பேரைத் தவறாகக் காட்டும். தேடப்படுகிறவன் அன்றைக்கு அந்த வழியாக வந்தானா என்பதே சந்தேகம். நூறு பேரில் ஒருவர் ஆரணியிலிருந்து பட்டுப் பையோடு வந்த நெசவாளி, ஒருவர் ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்குப் போகும் பெண், ஒருவர் நீங்கள். தடுத்து நிறுத்தப்பட்டவர் நிரூபிக்க வேண்டியது, நான் அவன் இல்லை என்று. இல்லாததை எப்படி நிரூபிப்பது? அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை மனைவி, குழந்தைகள் கண் முன்னால் விலங்கு மாட்டிக் கொண்டுபோனது, கடிகாரக் கடைத் திருட்டின் மங்கலான பதிவை மென்பொருள் அவர் ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருத்திவிட்டதால்தான். அவர் கறுப்பினத்தவர். இந்த மென்பொருள்கள் வெள்ளை முகங்களைவிட ஆப்பிரிக்க, ஆசிய முகங்களில் பல மடங்கு அதிகம் தவறுவதை அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே வெளியிட்டிருந்தது. சிலவற்றில் பத்து முதல் நூறு மடங்கு வரை. நம் நிறத்துக்கு நம் ஊர் மென்பொருள் எப்படி என்று யாராவது வெளிப்படையாகச் சோதித்துக் காட்டினால் நான் படிக்கத் தயார். டெல்லி போலீஸ் 80 விழுக்காடு ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக 2022-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்தது. மாப்பிள்ளை பார்க்கக்கூட எண்பது பொருத்தம் போதுமா என்று யோசிக்கிற ஊர் நம்முடையது.

இதை ஆதரிப்பவர்களின் மிகச் சிறந்த வாதம் காணாமல் போகும் குழந்தைகள். காட்பாடியில் பெற்றோரைத் தவறவிட்டு நிற்கும் குழந்தையையோ, நினைவு தப்பி ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போய்விட்ட பெரியவரையோ இது கண்டுபிடித்துக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? டெல்லியில் இந்த மென்பொருள் வந்ததே அந்தக் காரணத்தைச் சொல்லித்தான், உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றை ஒட்டி. 2018-ல் அதன் துல்லியம் 2 விழுக்காடு என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு 1 விழுக்காடுகூட இல்லை, ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்றே பிரிக்கத் தெரியவில்லை என்று அரசுத் தரப்பே சொன்னது. அதற்குப் பிறகு போராட்டக்காரர்களையும் கலவர வழக்குக்காரர்களையும் தேட அதே மென்பொருளைத்தான் எடுத்தார்கள். குழந்தைக்காகத் திறந்த கதவு திறந்தபடியே இருந்துவிட்டது.

யார் முகம் முதலில் பட்டியலில் ஏறும் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1871-ல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். நம் ஆட்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒருவன் என்ன செய்தான் என்று பார்க்காமல், எந்தச் சாதியில் பிறந்தான் என்று பார்த்து விரல் ரேகையைப் பதிந்துவைத்த சட்டம். ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும், ஊர் தாண்டச் சீட்டு வேண்டும். ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்காவது வீடு உடைத்தால் குறவர் குடியிருப்புக்கு ஜீப் போகிறது. 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்களின் ரேகை, படம், கண் கருவிழி எல்லாவற்றையும் எடுத்து 75 ஆண்டுகள் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. எந்தத் தெருவிலிருந்து அதிகம் கைது செய்கிறோமோ அந்தத் தெரு முகங்கள்தான் பெட்டியில் அதிகம் இருக்கும். பெட்டியில் அதிகம் இருப்பவர்களைத்தான் மென்பொருள் அதிகம் கை காட்டும். கை காட்டியவரைக் கைது செய்வார்கள். இதற்கு முடிவு எங்கே?

சட்டம் ஒன்றுமே சொல்லவில்லையா என்றால், சொல்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமென்றால் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மீறாத அளவு வேண்டும். தெருவில் முகத்தை அடையாளம் காண்பதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. ஆனால் குற்றத்தைத் தடுக்க, விசாரிக்க என்றால் பல கடமைகளிலிருந்து விலக்கு, மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு முழு விலக்கு. பாத்திரக்கடைக்காரருக்குக் கட்டுப்பாடு உண்டு, பெரிய பெட்டிக்காரருக்கு இல்லை.

இங்கேதான் எனக்குச் சாத்தான்குளம் ஞாபகம் வருகிறது. 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குக் கொடுத்த அறிக்கையில் இருந்த ஒரு விவரம்: ஸ்டேஷனில் கேமரா இருந்தது, 1 டிபி டிஸ்க்கும் இருந்தது, ஆனால் பதிவு தினமும் தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். வெறும் வீடுகளும் நாலு பைக்கும் உள்ள எங்கள் தெருவிலேயே பதினொரு நாள் பதிவு நிற்கிறது. அங்கே ஒரு நாள் நிற்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், முடியாத இடத்தில் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் அடியில் இறந்தபோது அதை ஊருக்குக் காட்டியது, ஒளிந்து நின்று ஒருவர் போனில் எடுத்த வீடியோ.

ஆகவே என்னிடம் யாராவது பாதுகாப்பா தனியுரிமையா என்று கேட்டால், எந்தக் கேமரா, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். ஸ்டேஷனுக்குள்ளும், ரயில் பெட்டி வாசலிலும், பைக் நிறுத்தும் தெருவிலும் இருக்கட்டும். பதிவை நாள் கணக்கு வைத்து அழிக்கட்டும். யார் பார்த்தார்கள் என்று நோட்டில் எழுதட்டும். முகத்தைத் தேடும் மென்பொருளுக்குச் சட்டம் வரும்வரை, ஒரு குறிப்பிட்ட குற்றத்தில் ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேட நீதிபதியின் அனுமதி என்று ஒன்று வரும்வரை, தெருவில் அதற்கு வேலை இல்லை.

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம், பெட்டிக்கு வயசாகிவிட்டது. புதிதாக மாற்ற விலை கேட்டோம். வந்த கொட்டேஷனில் புது மாடலில் முகம் அறியும் வசதி சேர்ந்தே வருகிறது, தனியாகக் காசு இல்லை. குடியிருப்பவர்கள் முகத்தைப் பதிந்துவிட்டால் தெரியாத முகம் வரும்போது போனில் மணி அடிக்குமாம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. யார் முகத்தைப் பதிவது என்று பேச்சு வந்தபோது, குடியிருப்பவர்கள் படம் வேண்டாம், பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற வீடு, எங்கே போகுமோ தெரியாது என்று முதலில் சொன்னவர் பின் தெருக்காரர், அன்றைக்குப் பைக்கைப் பார்க்க வந்தவர்தான். பலரும் தலையாட்டினார்கள். அப்படியானால் வேலைக்கு வரும் பெண்கள், பால்காரர், இஸ்திரி வண்டிக்காரர், பழைய பேப்பர்காரர் ஆகியோர் முகத்தை மட்டும் பதியலாம் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். அதற்கும் தலையாட்டினார்கள்.

எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவிடம் இதைச் சொன்னேன். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"செயலாளர் சாரு மூஞ்சியும் போடுவாங்களா?"

அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. பேச வேண்டியவற்றில் இதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர் கேட்டபடியே.